தம்பியின் கை

“சுவிட்சைத் தட்டி நிறுத்த அவன் என்ன ஃபேனா? என் கூடப்பிறந்தவன்யா!”

தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் அண்ணன் முழங்கினார். நான்கு சங்கங்களுக்குத் தலைவர். மைக் இல்லாத குறையே தெரியவில்லை. ரயிலை விட்டு இறங்கி நேராக வந்திருந்தார்.

“ஐயா, உங்க தம்பிக்கு மூளை முழுசா செத்துருச்சு. ரெண்டு தடவை சோதிச்சாச்சு. நெஞ்சு ஏறி இறங்குறது மெஷினோட வேலை” என்றார் டாக்டர்.

“அதெல்லாம் மத்தவங்களுக்கு. எங்க பரம்பரையில எவனும் பாதியில போனதில்ல!”

தம்பி மனைவி சம்மதப் படிவத்தை மடியில் வைத்திருந்தாள். கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

“மாமா, உறுப்பு தானத்துக்கு அவரே எழுதி வச்சிருக்கார். நாள் தள்ளிப்போனா அது யாருக்கும் உதவாதாம். அவர் ஆசைப்படியே விட்டுடலாம்.”

“நேத்து வந்தவ, நீ பேசாதே. தோள்ல தூக்கி வளர்த்தவன் நான்.”

“கல்யாணமாகி இருபது வருஷம் ஆச்சு மாமா.”

“எனக்கு அது நேத்துதான்!”

ஒருவர் மட்டும் பார்த்துவிட்டு வரலாம் என்றாள் நர்ஸ். அண்ணன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனார். ஐந்தே நிமிடம். கதவு படாரென்று திறந்தது.

“கையை அழுத்தினான்! ‘அண்ணன் வந்திருக்கேன்டா’ன்னு சொன்னதுதான் தாமதம், கப்புனு பிடிச்சுக்கிட்டான்! டாக்டராம், சோதனையாம்! என் ரத்தம்யா அது!”

படிவம் மடியிலிருந்து நழுவியதுகூடத் தெரியாமல் எழுந்தாள் தம்பி மனைவி.

“நிஜமாவா மாமா?”

“வந்து பாரும்மா! நீங்களும் வாங்கய்யா, வந்து படிச்சுக்குங்க!”

ஊர்வலத்துக்குத் தலைமை தாங்குவதுபோல் முன்னால் நடந்தார். முகமெல்லாம் கட்டு, வாயில் குழாயோடு கிடந்தவரின் கையைப் பற்றித் தூக்கிக் காட்டினார். விரல்கள் படபடவென்று அசைந்தன.

“ஏதோ சொல்ல வர்றார்” என்று நர்ஸ் எழுதுபலகையை நீட்டினாள்.

“வேற என்ன? என் பேரைத்தான் எழுதப் போறான்!”

பேனா கோணல்மாணலாக ஓடியது. அண்ணன் பலகையை வாங்கி, எல்லோருக்கும் கேட்கும்படி உரக்கப் படித்தார்:

“நீங்க யாரு சார்? கையை விடுங்க, வலிக்குது.”

“மாமா…” பக்கத்துப் படுக்கையின் திரைக்குள்ளிருந்து, கணவனின் அசையாத கையைப் பிடித்தபடி தம்பி மனைவி கூப்பிட்டாள். “உங்க தம்பி இங்க இருக்கார்.”