பாட்டுக்கு நடுவில் ஒரு கீச்சு

"அக்கா, இப்பக் கேளு. கண்ணை மூடிக்கிட்டுக் கேளு. எப்படி இருக்கு?"

அக்கா விடைத்தாள் திருத்துவதை நிறுத்திவிட்டுக் கண்ணை மூடினாள். கம்ப்யூட்டரில் ஒரு பெண் குரல் பாடிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தட்டினார்.

"நல்லாக் கேக்குது. பக்கத்து வீட்டுக்கும் சேர்த்தே கேக்குது."

"ஐயோ, சத்தத்தைப் பத்திக் கேக்கலக்கா. தெளிவா இருக்கா?"

"நேத்தும் தெளிவாத்தான்டா இருந்துச்சு."

"நேத்து யாரோ போர்வையைப் போத்திக்கிட்டுப் பாடுற மாதிரி இருந்துச்சு. உனக்குச் சொன்னாப் புரியாது, விடு."

தம்பிக்குப் பகலில் அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் வேலை. அங்கே வெட்டும் இயந்திரங்கள் ஓடும்போது எல்லோரும் கையாலேயே பேசிக்கொள்வார்கள். மாலையில் ஒலிப்பதிவு வகுப்பு. வகுப்பு எடுப்பவர் சொந்தமாக ஸ்டுடியோ வைத்திருப்பவர். அவருக்கு ஓர் உதவியாளர் தேவை.

"ஞாயித்துக்கிழமை உன் வீட்டுக்கே வரேன். உன் கம்ப்யூட்டர்ல ரெண்டு பாட்டு போடு. அது எப்படிக் கேக்குதுன்னு பாத்தாலே உன் காதைப் பத்தித் தெரிஞ்சிடும். பிடிச்சிருந்தா வேலை உனக்குத்தான்" என்று சொல்லியிருந்தார்.

அன்றிலிருந்து வீட்டில் இதே வேலைதான். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். மாற்றிய பிறகு அதே பாட்டு. தரம் குறைத்துச் சுருக்கி வைத்திருந்த பாட்டுகளை அழித்துவிட்டு, சுருக்காத பாட்டுகளை ஏற்றினான். கம்ப்யூட்டர் தானாகச் சேர்க்கிற எஃபெக்ட்டுகளை எல்லாம் அணைத்தான். ஸ்பீக்கர்களைச் சுவரை விட்டு நகர்த்தி, காது உயரத்துக்குத் தூக்கி வைத்தான். கம்ப்யூட்டருக்கு வெளியே வைத்து ஒலியைத் தெளிவாக்கித் தரும் குட்டிப் பெட்டி ஒன்றையும் வாங்கி வந்தான்.

"இன்னும் போர்வைக்குள்ளதான் பாடுறாளா?" என்றாள் அக்கா.

"பாதி விலகியிருக்கு. எதையோ விட்டுட்டேன்க்கா. எங்கயோ நான்தான் தப்பு பண்றேன்."

மறுநாள் அக்காவே அவனைக் கூப்பிட்டாள். "டேய் சவுண்டு! எல்லாரும் சேர்ந்து பாடுற இடத்துல ஒரு கீச்சு வருதே. ஊசி மாதிரி. உனக்குக் கேக்கல?"

தம்பியின் முகம் வெளிறியது. பாட்டைத் திரும்பப் போட்டான். ஸ்பீக்கர் மேல் காதை வைத்துக் கேட்டான். இன்னொரு முறையும் போட்டான்.

"ஆமாக்கா. எனக்கும் கேக்குது. மெல்லிசா."

"எந்தப் பக்கம்?"

"இடது பக்கம்."

அக்கா சிவப்புப் பேனாவை எடுத்தாள். ஆனால் வெகுநேரம் அதே விடைத்தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தம்பிக்கு அதன்பின் சோறு இறங்கவில்லை. ஒயரை மாற்றினான். போன் சார்ஜரை வேறு பிளக்குக்குக் கொண்டுபோனான். இடது ஸ்பீக்கரை வலது பக்கமும், வலதை இடது பக்கமும் வைத்தான். நண்பனிடமிருந்த அதே மாதிரி குட்டிப் பெட்டியை இரவல் வாங்கி மாட்டிப் பார்த்தான்.

"இப்பப் போச்சா?"

"நீ சொல்லு முதல்ல."

"போன மாதிரிதான் இருக்கு."

"எனக்கு இருக்கேடா."

வெள்ளிக்கிழமை அவன் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். அக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"பாட்டை நிறுத்தினாலும் எனக்குக் கேக்குதுடா. ஒருவேளை என் காதுதான் கோளாறோ?"

"அப்பாடா!" என்றான் தம்பி. உடனே நாக்கைக் கடித்துக்கொண்டான். "அப்படி இல்லக்கா. டாக்டரைப் பாத்துடலாம். நாளைக்கே போ."

"நீயும் வந்தாத்தான் போவேன். தனியாப் போகப் பயமா இருக்கு."

காது மருத்துவமனையில் சனிக்கிழமைக் கூட்டம். அக்கா அவன் மணிக்கட்டைப் பிடித்த பிடியை விடவே இல்லை.

"இதுக்குப் போய் இப்படி நடுங்குறியே" என்று தம்பி சிரித்தான். "ஹெட்போன் மாட்டி, பீப் பீப்னு போடுவாங்க. கேட்டா பட்டனை அழுத்தணும். அவ்வளவுதான்."

"கேக்கலேன்னா?"

"அழுத்தாம இரு."

"கேக்காமலே கேட்ட மாதிரி அழுத்தினா?"

"மாட்டிப்ப! வாத்தியாரம்மா நீயே காப்பி அடிப்ப போலிருக்கே."

அக்கா சிரிக்கவில்லை.

கண்ணாடிக் கதவு திறந்தது. "அடுத்தவங்க வாங்க. பேஷன்ட் மட்டும்" என்றாள் நர்ஸ்.

தம்பி அக்காவின் தோளைத் தட்டினான். "போ. நான் இங்கயேதான் இருக்கேன்."

அக்கா எழுந்திருக்கவில்லை. "சீட்டு உன் பேர்லதான்டா போட்டிருக்கேன். நீ போ."

"எனக்கா? விளையாடாதக்கா. நாளைக்குக் காலையில சார் வீட்டுக்கு வர்றார், எனக்கு ஆயிரம் வேலை கிடக்கு. கீச்சு கேக்குறது உனக்குத்தானே?"

அக்காவின் கண் நிறைந்துவிட்டது.

"கம்ப்யூட்டர் முதல் நாள்லேர்ந்தே நல்லாத்தான்டா பாடுது. கீச்சுன்னு ஒண்ணு அதுல இருந்ததே இல்ல, நான் சும்மா சொல்லிப் பாத்தேன். நீ 'எனக்கும் கேக்குது, இடது பக்கம்'னு சொன்ன பாரு, அப்பவே தெரிஞ்சுபோச்சு, கோளாறு கம்ப்யூட்டர்ல இல்ல, அந்த மெஷின் சத்தத்துல உன் காதுக்குத்தான் ஏதோ ஆயிடுச்சுன்னு."