ஈரக் கழிவு

இலட்சுமியின் வயிற்றில் அடித்தவர் தேயிலைத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை ஐயாவு. அவர் வேலையிலிருந்து ஓய்வுபெற்றுப் பதினோரு வருஷம் ஆகியும் இலட்சுமியின் புருஷன் யோகராஜ் அதை மறக்கவில்லை.

இலட்சுமி கொழுந்துச் சாக்கைத் தராசில் மாட்டும்போதெல்லாம், "சாக்குக்கும் ஈரத்துக்கும் ரெண்டு கிலோ" என்று கழித்துவிடுவார். மழை நாளில் மட்டுமில்லை. மண் வெடிக்கிற வெயிலிலும் ஈரத்துக்குக் கழிவு உண்டு.

"வெறும் சாக்கை ஒருதடவை நிறுத்துப் பாருங்க ஐயா" என்பாள் இலட்சுமி.

"அதுக்கெல்லாம் நேரமில்ல. அடுத்த ஆள் வா."

இருபது வருஷமும் இதே பதில்.

இன்று அதே மடுவத்தில், கொழுந்து நிறுக்கிற அதே கொட்டகையில், ஐயாவு தன்னையே நிறுக்க வந்து நின்றார். டிஸ்பென்சரிக் கூரை ஒழுகுவதால் மாசக் கிளினிக் இப்போது இங்கேதான். மடுவத்துக்கு வாச்சர் யோகராஜ்.

ஐயாவுக்கு முழங்கால் ஆபரேஷன். எண்பது கிலோவுக்குக் கீழே இறங்கினால்தான் செய்யலாம் என்று பெரிய டாக்டர் சொல்லிவிட்டார். இன்று நிறுத்து இன்றே ஆஸ்பத்திரிக்குப் பெயர் அனுப்ப வேண்டும். தவறினால் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும்.

குருவிட்டப் பக்கத்து மழை சொல்லிக்கொண்டு வருவதில்லை. ஊன்றுகோலோடு அவர் மேட்டில் பாதி ஏறும்போது பிடித்துக்கொண்டது. குடையைக் காற்று திருப்பிவிட்டது. கம்பளி சுவெட்டர், சட்டை, தடித்த சாரம் எல்லாம் சொட்டச் சொட்ட வந்தவர், தலை சுற்றித் தூணைப் பிடித்துக்கொண்டார்.

கிளினிக் மிஸ் ஷாமிளா நிமிர்ந்து பார்த்தாள்.

"என்ன ஐயா, சாப்பிடலையா? ஒரு நாளைக்கு எத்தனை கலோரி எடுக்குறீங்க?"

"ஆயிரம் மிஸ்."

"நான் ஆயிரத்து ஐந்நூறுன்னுதானே எழுதிக் கொடுத்தேன்?"

"எதுக்கும் இருக்கட்டும்னு ஒரு ஐந்நூறு கழிச்சுட்டேன்."

வரிசையில் நின்ற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"அந்தப் பழக்கம் போகாது மிஸ்" என்றான் யோகராஜ். "சொந்த வயித்துலயும் கழிவு."

"சிரிக்கிற விஷயமில்ல" என்றாள் ஷாமிளா. "உங்க உடம்புக்கு வேண்டியதுல குறைக்க வேண்டியதைக் குறைச்சுத்தான் அந்தக் கணக்கு எழுதினேன். அதுக்கும் கீழே போனா கொழுப்பு மட்டுமா கரையும்? சதையும் சேர்ந்து கரையும். அப்புறம் ஆபரேஷன் செஞ்ச காலை எதை வச்சு ஊன்றுவீங்க? நாளையிலிருந்து காலையில முழு ரொட்டி. பாதி இல்ல. பருப்பு கட்டாயம்."

"சரி மிஸ்."

"ஏறுங்க."

ஏறினார். மெஷின் எண்பத்தொன்றரை காட்டியது.

"ஒன்றரை கிலோ கூட இருக்கே ஐயா. நனைஞ்சிருக்கீங்க, தெரியுது. ஆனா குத்துமதிப்பாக் கழிச்சு எழுத எனக்கு முடியாது."

ஈரத்துக்குக் கழியுங்கள் என்று அந்த மடுவத்தில் நின்று ஐயாவு எப்படிக் கேட்பார்?

யோகராஜுக்கு உள்ளே இனித்தது. நல்லா வேணும், இன்னும் ஆறு மாதம் நொண்டட்டும் என்று நினைத்தான். இப்படி ஒரு நாளுக்காகத்தான் அவன் பதினோரு வருஷம் காத்திருந்தான்.

ஐயாவு இறங்கவில்லை. மெஷினில் நின்றபடியே அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையை யோகராஜ் வேறொரு முகத்தில் பார்த்திருக்கிறான். சாக்கை இறக்கிய பிறகும் தராசையே பார்த்துக்கொண்டு நிற்பாளே இலட்சுமி, அவள் முகத்தில்.

"மிஸ்" என்றான். "குத்துமதிப்பாக் கழிக்க வேணாம். அது இந்த மடுவத்துல நிறைய நடந்திருக்கு. நிறுத்தே கழிப்போம்."

வாச்சர் அறையிலிருந்து தன் உலர்ந்த சாரத்தையும் சட்டையையும் எடுத்து வந்தான்.

"மாத்திக்கிட்டு வாங்க."

"வேணாம் யோகராஜ், உனக்கு எதுக்கு..."

"வாங்க கணக்கப்பிள்ளை ஐயா. வரிசை நிக்குது."

அறைக்குள் கைத்தாங்கலாக அழைத்துப்போய் அவனே சுவெட்டரை உரித்தான். தலையைத் துவட்டினான். மறுபடி மெஷினில் ஏற்றினான்.

எழுபத்தொன்பது கிலோ முந்நூறு.

ஷாமிளா பெயரைப் பட்டியலில் எழுதினாள். வரிசையில் யாரோ கை தட்டினார்கள்.

யோகராஜ் அதோடு விடவில்லை. ஈரத் துணியை ஒரு வெறும் சாக்கில் போட்டு, கொழுந்துத் தராசின் கொக்கியில் மாட்டினான். முள் மூன்றைத் தொட்டு நின்றது. துணியை வெளியே எடுத்து, வெறும் சாக்கை மட்டும் மாட்டினான். முள் அரைக் கிலோவைக்கூடத் தொடவில்லை.

"பார்த்தீங்களா ஐயா?" என்றான். "அரை நிமிஷ வேலை."

ஐயாவு அந்த முள்ளை வெகுநேரம் பார்த்தார்.

"சாரத்தைத் துவைச்சு அனுப்பிடுறேன் யோகராஜ்" என்றார்.

சாரம் மறுநாளே வந்துவிட்டது, துவைத்து மடித்து.

இலட்சுமியின் கிலோக்கள் மட்டும் இன்னும் வரவில்லை.