நம்ம ஸ்கூல் பிள்ளை

“சட்டை ஏன் இப்படித் தொளதொளன்னு இருக்கு?” என்றார் போட்டோக்காரர். முதுகுப் பக்கம் துணியைச் சேர்த்துப் பிடித்து, துணி காயப்போடும் கிளிப் இரண்டை மாட்டினார். “சரி, பரீட்சைக்கு விழுந்து விழுந்து படிச்சு இளைச்சுட்டேன்னு நினைச்சுக்கட்டும். பின்னால மட்டும் திரும்பிடாதே.”

அவள் தலையசைத்துவிட்டு, சீருடையின் டையை மறுபடியும் இழுத்துச் சரிசெய்தாள்.

பள்ளி நூலகத்தில் மேசைகளை ஓரங்கட்டிவிட்டு நடுவே கேமராவை நிறுத்தியிருந்தார்கள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்துப் போகும் பிள்ளைகள் ஆளுக்கொரு கனவைச் சொல்ல வேண்டும், பள்ளி விளம்பரத்துக்கு. சுழல்நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த தாளாளரின் முகம் காலையிலிருந்தே சுண்டிப்போயிருந்தது.

முதலில் வந்த பையன், “வெளிநாடு போவேன்” என்றான்.

“போய்?”

“அங்கேயே இருப்பேன் சார்.”

அடுத்து வந்தவள், அப்பா இன்னும் முடிவு பண்ணவில்லை என்றாள். அவளுக்குப் பின்னால் வந்தவன், “சமுதாயத்துக்கு…” என்று கம்பீரமாக ஆரம்பித்து, மிச்சத்தை மறந்து கேமராவையே முறைத்துக்கொண்டு நின்றான்.

“ஒருத்தருக்காவது வாழ்க்கையில ஆசை கீசைன்னு ஏதாவது இருக்கா, இல்லையா?” என்றார் தாளாளர்.

“இன்னொரு பொண்ணு இருக்கு சார், இதைப் பாருங்க” என்ற போட்டோக்காரர், அவள் பக்கம் குனிந்து குரலைத் தாழ்த்தினார். “பேசினோமா, போனோமான்னு இருக்கணும். அவர்கிட்ட சீட்டு கீட்டுன்னு ஆரம்பிச்சே, நாளையிலேர்ந்து எனக்கு இங்க வேலை கிடையாது. சொல்லிட்டேன்.”

“கேக்க மாட்டேன்ணே.”

கேட்பதற்காகத்தான் வந்திருந்தாள். ஒரே ஒரு சீட். எப்படி ஆரம்பிப்பது, எந்த வார்த்தையில் கேட்பது என்று காலையிலிருந்து மனசுக்குள் உருட்டிக்கொண்டிருந்தாள். இன்றைக்கு விட்டால் அவர் முன்னால் நிற்க இன்னொரு நாள் கிடைக்காது.

விளக்கு வெளிச்சம் சரியாக விழும் இடத்தில், யாரும் காட்டாமலே போய் நின்றாள். மைக்கையும் தானே சட்டையில் குத்திக்கொண்டாள்.

“இவ எந்த செக்‌ஷன்டி?” என்று கதவோரம் நின்ற மாணவிகளில் ஒருத்தி கேட்டாள்.

“சி-யா இருக்கும். அங்க யாரு இருக்கா, யாரு இல்லேன்னு யாருக்குத் தெரியும்?” என்று இன்னொருத்தி சிரித்தாள்.

“எங்கம்மாவுக்குக் காது கேக்காது” என்று அவள் பேச ஆரம்பித்தாள். “ஆஸ்பத்திரிக்குப் போனா டாக்டர் என்னைப் பார்த்துத்தான் பேசுவார். ‘எங்க வலிக்குதாம்?’னு என்கிட்டதான் கேப்பார். வலி அம்மாவுக்கு. அது பாவம், எங்க ரெண்டு பேர் வாயையும் மாறி மாறிப் பார்த்துட்டு உக்காந்திருக்கும்.”

கதவோரச் சிரிப்பு அடங்கியது.

“காது கேக்காதவங்களுக்கு வைத்தியம் பாக்கிற படிப்பு நான் படிக்கணும். என் ரூமுக்கு வர்றவங்ககிட்ட, அவங்க முகத்தைப் பார்த்துப் பேசுவேன். புரியலேன்னா திருப்பிச் சொல்வேன். அப்பவும் புரியலேன்னா எழுதிக் காட்டுவேன். கூட வந்தவங்களை வெளியில உக்காரச் சொல்லிடுவேன். அது ஒண்ணுதான் ஆசை.”

போட்டோக்காரர் எழுதிக் கொடுத்திருந்தது இதில்லை. அதில் விண்வெளி இருந்தது.

தாளாளர் எழுந்து வந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

“யாருய்யா இந்தப் பொண்ணு?” என்று போட்டோக்காரரிடம் கேட்டார்.

“நல்லாப் பேசும் சார்.”

“இத்தனை வருஷமா நம்ம ஸ்கூல்லயே இருந்திருக்கு, என் கண்ணுல படலை பாரேன். வீட்டுல யாரு இருக்கா இதுக்கு?”

“அம்மா மட்டும்தான் சார்.”

“படிக்கிற பிள்ளைதானே?”

“அதெல்லாம் நல்லாப் படிக்கும் சார்.”

அவள் இரண்டு பேர் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“கேட்டுக்குப் பக்கத்துல இதோட படத்தைப் பெரிசா வெச்சுடுங்க. ‘நாங்கள் வளர்த்த கனவு’ன்னு கீழே போட்டுடுங்க.”

“வெச்சுடலாம் சார்” என்று போட்டோக்காரர் அவசரமாக லென்ஸை மூடினார். அவளைப் பார்த்துக் கண்ணாலேயே கதவைக் காட்டினார்.

கதவு பக்கத்தில்தான் இருந்தது. அவள் போகவில்லை. கிளிப் ஒன்று வாயைப் பிளந்து முதுகோடு நழுவித் தரையில் விழுந்தது. சட்டை ஒரு பக்கம் தொங்கிப்போனது.

அந்தச் சத்தத்துக்குத்தான் தாளாளர் திரும்பி, முதல்முறையாக அவள் முகத்தைப் பார்த்தார்.

“என்னம்மா, ஏதோ கேக்கணும்னு நிக்கிற மாதிரி இருக்கு. சீட்டா?”

அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

“அட, அதுக்கா இப்படி நடுங்கறே? நமக்கு மூணு காலேஜ் இருக்கும்மா. நம்ம ஸ்கூல் பிள்ளைக்கு இல்லாத சீட்டா? சொல்லு, எதுல சேரணும்?”

போட்டோக்காரர் பலமாக இருமினார்.

அவள் டையைக் கழற்றினாள். அதைக் கசங்காமல் சுருட்டி, கதவோரம் நின்ற, அதை இரவல் கொடுத்திருந்த மாணவியிடம் நீட்டினாள். பிறகு தாளாளரைப் பார்த்து மெதுவாகச் சொன்னாள்.

“பதினொண்ணாவது சார். நான் அண்ணனுக்கு லைட் பிடிக்கிறவ. பத்தோட நின்னுட்டேன்.”