நூல் கட்டாத பிஞ்சு

தேனீ கொட்டிப் பூங்கோதை செத்துப் பிழைத்த பிறகுதான் தெருமுனைக் கம்பத்தில் அந்தப் பூச்சி விரட்டியைப் பொருத்தினார்கள். அன்றிலிருந்து தெருவுக்குள் ஒரு தேனீ வந்ததில்லை. எந்த வீட்டுக் கொடியும் காய்த்ததில்லை. பூங்கோதை மட்டும் தினமும் விடியலில் தூரிகையால் தன் பரங்கிப் பூக்களுக்கு மகரந்தம் தடவுவாள். தடவிய பூவின் காம்பில் அடையாளத்துக்குச் சிவப்பு நூல் கட்டுவாள். தடவாத பூ வெம்பி உதிர்ந்துவிடும்.

இன்று, நூல் இல்லாத காம்பில் ஒரு பிஞ்சு திரண்டிருந்தது. அவள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு சுற்றுமுற்றும் பார்த்தாள்.

ஆறு வருஷமாக முகம் கொடுத்துப் பேசாத பக்கத்து வீட்டு சகாயமேரி மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்துச் சிரித்தாள்.

"எங்க பீர்க்கையும் பிஞ்சு விட்டிருக்கு, கோதை. தெருவே கூடிப் பேசித்தான் அந்த மெஷின ஆஃப் பண்ணோம். நாலு நாளாச்சு. உனக்குத்தான் ஒண்ணும் ஆகலையே!"