நாலு பிள்ளைகளும் ஒரு துக்கச் செய்தியும்

"தாய் காலையிலேயே போய்ட்டா. நாலும் பச்சப் பிள்ளைங்க. ஒண்ணுகூட இன்னும் கண்ணைத் திறக்கல."

மின்தூக்கியில் நின்றபடி தனக்குத்தானே சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார் குலசிங்கம். குரல் தழுதழுக்க வேண்டிய இடத்தில் சரியாகத் தழுதழுத்தது.

பக்கத்தில் நின்ற இளம்பெண் பதறிப்போனாள். "ஐயோ அங்கிள், யாரு? சொந்தமா?"

"பட்ஜிக் கிளி, மா" என்று கையிலிருந்த பிஸ்கட் டின்னைத் திறந்து காட்டினார். உள்ளே டிஷ்யூ மேல் சிறகு முளைக்காத நாலு குஞ்சுகள் ஒன்றின்மேல் ஒன்று சரிந்து கிடந்தன. அந்தப் பெண் அடுத்த மாடியிலேயே இறங்கிக்கொண்டாள்.

உண்மையில் தாய் சாகவில்லை, பறந்துவிட்டது. கூண்டைச் சுத்தம் பண்ணுகிறேன் பேர்வழி என்று கூண்டுக் கதவையும் வீட்டு ஜன்னலையும் ஒருசேரத் திறந்து வைத்தவர் சாட்சாத் குலசிங்கமேதான். பறவைகள் என்றால் மனைவி மனோரஞ்சிதத்துக்கு உயிர். மெல்பர்னில் மகளைப் பார்க்கக் கிளம்பியவள், சாங்கி விமான நிலையம் வரைக்கும் "ஜன்னல், ஜன்னல்" என்று சொல்லிக்கொண்டே போயிருந்தாள். சனிக்கிழமை திரும்பி வருகிறாள்.

செத்துப்போனது என்றால் விதி. பறந்துபோனது என்றால் குலசிங்கம். ஆகவே செத்துப்போய்விட்டது என்று அவர் முடிவு பண்ணிவிட்டார்.

குஞ்சுகள் விஷயத்தில் அப்படி முடிவு பண்ண மனசு வரவில்லை. தேக்காவில் பறவைக் கடை வைத்திருப்பவருக்குப் போன் போட்டார். ஜோடியில் மிச்சமிருந்தது ஆணா, பெட்டையா என்றுகூடக் குலசிங்கத்துக்குத் தெரியாது.

"கூண்டுல மிச்சம் இருக்கறதுக்கு மூக்குக்கு மேல நீலமா? அப்ப அது ஆண். இவ்வளவு சின்னக் குஞ்சை அது தனியா வளக்காது, லா. பொழுது சாயறதுக்குள்ள வேற பெட்டைகிட்ட விடுங்க. விடறதுக்கு முன்னாடி அந்தப் பெட்டையோட கூட்டுல கிடக்கற மரத்தூளை எடுத்துக் குஞ்சு மேல தடவணும். வேத்து வாசனை அடிச்சா கொத்தியே கொன்னுடும்."

தங்கள் தோ பாயோ பகுதியில் பட்ஜி வளர்ப்பவர் என்று குலசிங்கத்துக்குத் தெரிந்த ஒரே ஆள், எதிர் அடுக்குமாடி புளோக் சாகுல் ஹமீது. அவரும் மனோரஞ்சிதமும் பறவை வளர்ப்பவர்களுக்கான ஒரே வாட்ஸ்அப் குழுவில் இருந்தார்கள். அங்கே தும்மினால் மெல்பர்னில் கேட்கும். அதனால் அவரிடமும் சாவுக் கதைதான்.

மணி அடித்ததும் சாகுல் கதவைத் திறந்தார். "வாங்கண்ணே! என்னாச்சு, முகமெல்லாம் வாடிக் கிடக்கு?"

"தாய்ப் பறவை செத்துப்போச்சு தம்பி."

"அடடா! எப்படிண்ணே?"

"திடீர்னு. ஹார்ட்டா இருக்கும்." வாய் தானாகவே மேலே மேலே கட்டிக்கொண்டு போனது. "கீழ காகிதப்பூச் செடி ஓரமா அடக்கம் பண்ணிட்டுத்தான் வர்றேன்."

சாகுல் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். உடம்பு குலுங்கியது. ஒரு பறவைக்காக இப்படி உருகுகிற மனுஷனிடம் போய்ப் பொய் சொல்கிறோமே என்று குலசிங்கத்துக்கு வெட்கமாக இருந்தது.

துண்டை எடுத்ததும் சாகுல் மூலையில் இருந்த தனிக் கூண்டைக் காட்டினார். உள்ளே ஒரு பச்சைப் பெட்டை நிலைகொள்ளாமல் கம்பிக்குக் கம்பி தாவிக்கொண்டிருந்தது. "இதுக்கும் கூட்டுல குஞ்சு இல்லண்ணே. ஏங்கிப்போய்க் கிடக்கு. விட்டுப் பாப்போம்."

சொல்லிக்கொண்டே குஞ்சுகளை எடுத்து நேராகக் கூட்டுப் பெட்டிக்குள் வைத்துவிட்டார்.

"தம்பி, தூள்! தூள் தடவலையே! கொத்திடப் போவுது!"

"இதுக்கு வேணாம்ணே."

பெட்டை சட்டென்று பெட்டிக்குள் புகுந்தது. குலசிங்கம் கண்ணை இறுக மூடிக்கொண்டு முருகனைக் கூப்பிட்டார். மனைவி திட்டினால் திட்டட்டும், இந்த நாலு உயிரும் பிழைத்தால் போதும் என்று வேண்டிக்கொண்டார்.

உள்ளே கீச்கீச்சென்று சத்தம். எட்டிப் பார்த்தால், பெட்டை ஒரு குஞ்சை மல்லாத்திப் போட்டு வாயோடு வாய் வைத்து ஊட்டிக்கொண்டிருந்தது. மற்ற மூன்றும் அதன் வயிற்றுக்கு அடியில் போய் ஒட்டிக்கொண்டிருந்தன.

குலசிங்கத்துக்கு அழுகை வந்துவிட்டது. மின்தூக்கியில் ஒத்திகை பார்த்த அழுகை இல்லை, நிஜ அழுகை.

"பெத்த தாய்கூட இப்படி ஊட்டாது தம்பி!"

சாகுல் தொண்டையைச் செருமினார். தீனி டப்பாவில் சாய்த்து வைத்திருந்த போனை எடுத்து நீட்டினார். "அண்ணே, அக்கா வீடியோ கால்ல இருக்காங்க."

"எப்பலேருந்து?"

"நீங்க பெல் அடிச்சதுலேருந்து."

திரையில் மனோரஞ்சிதம், கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"என் பெட்டை காலையிலேயே பறந்துவந்து சாகுல் ஜன்னல்ல உக்காந்துடுச்சு… நீங்க யாரைங்க அடக்கம் பண்ணீங்க?"