திரையில் பார்த்த எண்

அணுக்கருவுக்குள் இருக்கும் குவார்க் என்ற நுண்துகள்கள் ஒன்றோடொன்று எந்த அளவுக்குக் கலக்கும் என்று எட்டு வருஷம் மண்டையை உடைத்துக்கொண்டு ஒரு மாடல் உருவாக்கியிருந்தான் அவன். எல்லாம் பேனாவும் பேப்பரும்தான். ஆய்வுக்கூடத்து வாசலைக்கூட மிதித்ததில்லை. இன்று காலை அந்த நோட்டுகளை அட்டைப்பெட்டியில் திணித்துக்கொண்டிருந்தான்.

அதே கலப்பைச் சோதனையில் அளக்கும் ஆய்வுக்கூடத்துக்குக் கிளம்பிய மனைவி நின்றுவிட்டாள்.

"என்னங்க இது?"

"குப்பைக்கு. நேத்து உன் லேப்டாப் திறந்தே கிடந்துச்சு. நீங்க அளந்த எண்ணைப் பார்த்துட்டேன். என் கணக்குக்கும் அதுக்கும் ஏணி வச்சாலும் எட்டாது."

"வேற என்ன பண்ணீங்க?"

"என் கட்டுரையைத் திருப்பி அனுப்பிடுங்கன்னு பத்திரிகைக்கு மெயில் எழுதிட்டேன்."

"அனுப்பிட்டீங்களா?"

"இல்ல. கை வரல."

"நல்லவேளை!" அவள் நாற்காலியில் சரிந்து சிரித்தாள். "அது நிஜ எண்ணே இல்லைங்க. விடையை நமக்குப் பிடிச்ச பக்கம் இழுத்துடக் கூடாதுன்னு, யாருக்கும் காட்டாம கம்ப்யூட்டர் ஏதோ ஒரு எண்ணை அதோட கூட்டி வச்சிருக்கு. வேலையெல்லாம் முடிஞ்சு அடுத்த மாசம்தான் அதைக் கழிப்போம். நிஜம் என்னன்னு எனக்கே தெரியாது."

அவனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நோட்டுகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தான்.

"உன் ஆளுங்க மேல உனக்கே அவ்வளவு சந்தேகமா?"

"அவங்க மேல இல்ல. இந்த ஏற்பாட்டைக் கேட்டு வாங்கினதே நான்தான்." அவள் கைப்பையை மாட்டிக்கொண்டாள். "எட்டு வருஷமா நீங்க படுற பாட்டைப் பார்க்கிறேன். என் கையே உங்க பக்கம் சாஞ்சிடும்னு பயந்தேன்."