எல்லோருக்கும் அக்கா

"போனை ஸ்பீக்கர்ல போடறேன். நீங்க கேட்டுக்கிட்டா போதும், குறுக்கே பேசிடாதீங்க" என்றார் அக்கா.

தையல்காரம்மா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு தலையாட்டினாள். உதவி மையத்தில் அவளுக்கு அன்றுதான் முதல் நாள்.

காது கேட்காத மகளைச் சேர்த்துக்கொள்ள முடியாது என்று பள்ளிக்கூடம் கையை விரித்தபோது அவள் மனம் விட்டுப்போய், பிள்ளையை வீட்டுக்குள்ளேயே வைத்திருந்தாள். "எதுக்கு மறைச்சு வெக்கறீங்க? குழந்தை என்ன திருடிட்டா வந்துச்சு?" என்று கேட்டபடி வீட்டுக்குள் நுழைந்தவர்தான் அக்கா. பள்ளிக்கூட வாசலிலேயே உட்கார்ந்து, சட்டம் பேசி, சண்டை போட்டு இடம் வாங்கித் தந்தார். அந்த நன்றிக்காகத்தான், தையல் இல்லாத நாட்களில் வந்து போன் எடுக்கிறேன் என்று தையல்காரம்மா தானாகவே கேட்டு வந்திருந்தாள்.

அந்த வட்டாரத்தில் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகள் இருக்கும் வீடு எல்லாவற்றுக்கும் அவர் அக்காதான். வயதில் மூத்தவர்கள்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

போன் அடித்தது.

"வணக்கம், குடும்ப உதவி மையம். சொல்லுங்க."

"மேடம்... என் பையன் விஷயமா பேசணும்." வயதான பெண்ணின் குரல். "அவனுக்கு நாற்பது வயசாகப் போகுது. நடக்க முடியாது, பேச வராது. எல்லாம் படுக்கையிலதான். நான்தான் தூக்கிக் குளிப்பாட்டணும், ஊட்டி விடணும்."

அக்கா தண்ணீர் பாட்டிலைத் திறந்து ஒரு வாய் குடித்தார். முதலில் அவர்களைப் பேச விட வேண்டும் போலிருக்கிறது என்று தையல்காரம்மா மனதில் குறித்துக்கொண்டாள்.

"தூக்கித் தூக்கி எனக்குக் குடல் இறங்கிடுச்சு மேடம். திங்கக்கிழமை ஆபரேஷன். அதுக்கப்புறம் கனமா எதையும் தூக்கக் கூடாதாம். டாக்டர் சுலபமா சொல்லிட்டார். வீட்ல நான் தூக்கறது ஒண்ணே ஒண்ணுதான், அது அறுபது கிலோன்னு அவருக்கு யாரு சொல்றது?"

தையல்காரம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்திலேயே அடங்கியும் போனது.

"தற்காலிகமா தங்க வைக்க ஒரு இல்லம் இருக்கு" என்றார் அக்கா. எப்போதும் இழைந்து பேசுகிற குரல் இன்று மரக்கட்டையாக இருந்தது. "ஆனா இப்போ இடமில்லை. பேர் குடுத்து வெச்சா சில மாசம் ஆகும். வீட்ல உதவிக்கு ஆள் வெச்சுக்க அரசாங்கம் பணம் தருது. அது உங்க உரிமை. மனு குடுத்தீங்கன்னா..."

"உரிமை சரி மேடம். திங்கக்கிழமை அவனை யாரு புரட்டிப் படுக்க வைப்பாங்க? மனுவா?"

அக்கா எதிரே இருந்த சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். தையல்காரம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. வழக்கமாக இந்நேரம், 'எங்கேம்மா இருக்கீங்க? நானே வர்றேன்' என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பியிருப்பாரே!

"என்ன மேடம், வீட்ல வேற யார் இருக்காங்கன்னு கேட்கவே இல்லையே?"

"சொல்லுங்க. யார் இருக்காங்க?"

"ஒரு பொண்ணு. இவனுக்கு மூத்தவ. சின்ன வயசுல தம்பியை இடுப்பை விட்டு இறக்க மாட்டா. கல்யாணப் பேச்சு வந்ததும், இப்படி ஒரு தம்பி இருக்கறதையே சொல்ல வேணாம்னுட்டா. நானும் சரின்னேன். அவளாவது நல்லா இருக்கட்டுமேன்னு. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வந்த அன்னிக்கு இவனைப் பின்னாடி ரூம்ல போட்டுக் கதவைச் சாத்தி, டிவியைச் சத்தமா வெச்சேன். இவன் அக்கா குரலைக் கேட்டுட்டு உள்ளேருந்து கத்தறான். என்ன சத்தம்னு கேட்டாங்க. பக்கத்து வீட்டு நாய்னு சொன்னா மேடம். சிரிச்சுக்கிட்டே சொன்னா."

அக்காவின் விரல் ஸ்பீக்கர் பொத்தானுக்குப் போனது. தையல்காரம்மா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கேட்கவே முடியலை இல்லக்கா?" என்று கிசுகிசுத்தாள். குறுக்கே பேசக் கூடாது என்பதெல்லாம் அவளுக்கு மறந்து போயிற்று. போன் பக்கம் குனிந்து, "இப்போ எங்கேம்மா இருக்கா அந்த மகராசி?" என்றாள்.

"இங்கே பக்கத்துலதான். நல்லா இருக்கா. பேரும் புகழுமா இருக்கா. வீட்டுப் பக்கம் மட்டும் வர மாட்டா. போன் பண்ணினா எடுக்கறதில்லை."

"அவ நம்பரைக் குடுங்க. எங்கக்கா பேசினா எப்பேர்ப்பட்டவங்களும் வழிக்கு வந்துடுவாங்க. நாக்கைப் புடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேட்பாங்க. கேளுங்கக்கா!"

அக்கா கையை மெல்ல உருவிக்கொண்டார். அந்தப் பக்கத்தில் மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது.

"நம்பர் எதுக்கும்மா? வீட்லேருந்து கூப்பிட்டா எடுக்க மாட்டா, இங்கே கூப்பிட்டா எடுத்துத்தானே ஆகணும்?" என்றது குரல். "சொல்லுடீ. தம்பியைப் பார்த்துக்க வர்றியா, இல்லை அவனுக்கும் உங்க வரிசையிலதான் இடமா?"